தம்பிக்கு வரைந்த கண்

ஓவியம் படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டே எங்கள் சொந்தக்காரர்கள் ஓய்ந்துபோனார்கள். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டாள். ஒருவன் சினிமா செட் போடப் போனான். நான் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் செயற்கைக் கண்களுக்கு வண்ணம் தீட்டினேன். "ச்சீ, கண்ணுக்கா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆமாம், கண்ணுக்குத்தான். சோறு போடவில்லையா என்ன?

என்னைப் படிக்கவைத்தவன் என் தம்பி. மில் மூடி அப்பா வீட்டோடு உட்கார்ந்ததும், ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தான். "நீ படி அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான். என் வண்ணங்களும் தூரிகைகளும் அவனுடைய ஓவர்டைமில் வந்தவை. எனக்கு வேலை கிடைத்த மறு வருஷம், கிரைண்டிங் சக்கரம் உடைந்து தெறித்ததில் அவனுடைய இடது கண் போயிற்று.

அதன்பிறகு வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடிதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். கூட்டாளிகள் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்லுவான். அம்மா அழுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், யார் மேல் காட்டுவது?

"கண்ணாடி இல்லாம ஒரு தடவ பீச்சுக்குப் போயிட்டு வந்துட்டா போதுங்க்கா" என்றான் ஒருநாள்.

புண் ஆறியதும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து, இருக்கிற கண்ணைப் பார்த்து அதற்கு ஜோடி வரைவதுதான் எங்கள் வேலை. வெள்ளை விழியில் நரம்புகளுக்காகச் சிவப்புப் பட்டுநூலைப் பிரித்து, இழை இழையாக ஒட்டுவோம். கல்லூரியில் கண் வரைந்தால் கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்போம், அப்போதுதான் அதில் உயிர் வரும். செயற்கைக் கண்ணில் அது கூடாது. வெளிச்சம் தானாக வந்து அங்கே விழும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தம்பிக்கு என்பதால் இன்னும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பளிச்சென்று வந்தது.

பொருத்திவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

"என்னாக்கா, என் கண்ணு இவ்ளோ வெள்ளையாவா இருந்திச்சி?"

அப்போதுதான் அவனுடைய வலது கண்ணை ஒழுங்காகப் பார்த்தேன். மஞ்சள் பாய்ந்திருந்தது. மூலையில் சதை தடித்து, நரம்புகள் சிவந்து கிடந்தன. வெல்டிங் தீயைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண். என் நினைப்பில் இருந்ததோ ஸ்கூலுக்குப் போன பையனின் கண். எதிரில் ஆளை உட்காரவைத்துக்கொண்டே அந்தப் பையனை வரைந்திருக்கிறேன்.

"நல்லாதான் இருக்குது. ஜோடிதான் சேரல" என்று சிரித்தான் பாவி.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வெள்ளையில் மஞ்சளைச் சேர்த்தேன். போதவில்லை, இன்னும் சேர்த்தேன். கொஞ்சம் பழுப்பு. மூலையில் மேலும் மேலும் சிவப்பு இழைகள். இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு என் கையாலேயே ஒரு கிழட்டுக் கண்ணைச் செய்தேன். கை நடுங்கவே இல்லை. கல்லூரியில் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இந்த முறை எது நான் செய்த கண் என்று பக்கத்திலிருந்த நர்சுக்கே தெரியவில்லை. தம்பி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இப்பதாங்க்கா என் கண்ணு" என்றான்.