இருபத்தொன்பது மார்க்கு சாலோமி

விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் போய் டாக்டரம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்ல மாட்டார்கள். கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அங்கே பெண்களுக்கென்று இருக்கிற சின்ன மருந்துச்சாலையில் ஐந்து வருஷமாக வைத்தியம் பார்க்கிறவள் சாலோமி. அவள் மகா கெட்டிக்காரி என்று அந்தத் தெருப் பெண்கள் சத்தியம் பண்ணுவார்கள்.

அதெல்லாம் சும்மா. மூன்று வருஷம் அவளோடு ஒரே அறையில் பாய் போட்டுப் படித்தவள் நான். எனக்குத் தெரியாதா? இன்றைக்கும் ஒரு மருந்தைக் கலக்கும் முன் புத்தகத்தை மூன்று தரம் புரட்டுகிறாள். இதை முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபம் வராது. "ஆமா, பின்ன? மறந்து தொலைச்சா அந்தப் பிள்ளத்தாச்சி கதி என்ன ஆவும்?" என்று சிரிப்பாள். அவள் வைத்தியம் படிக்க வந்த கதையை ஆளாளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி சொல்ல நான் ஒருத்தி போதும்.

என் பெயர் பாக்கியவதி. என் தகப்பனார் கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் தலைமை குமாஸ்தா. 1909-ஆம் வருஷம் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே மிஷன் அம்மைமார் பெண்களுக்காக ஒரு வைத்தியப் பள்ளி நடத்தினார்கள். சின்னப் பள்ளி, இப்போது இல்லை. பத்துப் பேருக்குத்தான் இடம். சேருவதற்கு ஒரு பரீட்சை, முழுக்க இங்கிலீஷில். நூற்றுக்கு நாற்பதாவது எடுக்க வேண்டும். எனக்கு எழுபத்தாறு. அந்த வருஷம் அதற்கு மேல் யாரும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; எப்படியும் சொல்லாமல் இருக்கப் போவதில்லை.

சாலோமி அதே பரீட்சையை எழுதியிருந்தாள். ஆற்றங்கரையில் கிருபாபுரம் என்ற சின்னச் சபையைச் சேர்ந்தவள். அவள் அப்பா அப்பாத்துரை, உடன்குடிக் கருப்பட்டியை வண்டியில் ஏற்றிப் பாளையங்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் வியாபாரி. சாலோமி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தவள். இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறை. கேள்வித்தாளில் பாதி கேள்வி என்ன கேட்கிறது என்றே விளங்கவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பள்ளியிலிருந்து தபால் வந்தது. அப்பாத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஊரில் மிஷன் பங்களாவிலிருந்து எழுத்தில் எது வந்தாலும் அது நல்ல சேதிதான்: வேலை, மாற்றம், சம்பள உயர்வு. இல்லை என்ற சேதியை உபதேசியார் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"அப்பா, பிரிச்சுப் பாத்துருவோமே" என்றாள் சாலோமி. அவளுக்குத் தான் எழுதிய லட்சணம் தெரியும்.

"சும்மா கெட மக்கா. இல்லன்னு சொல்லுததுக்கு யாராவது தபால் தலை ஒட்டிக் கடுதாசி போடுவாவளா? மொதல்ல ஆண்டவருக்கு, பொறவுதான் நமக்கு."

அந்தச் சபையில் அது வழக்கம். வீட்டுக்கு வந்த நன்மையைத் தாங்கள் தொடும் முன் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். முதல் குலை வாழை, முதல் படி நெல், முதல் கருப்பட்டி. அப்பாத்துரை அந்த வழக்கத்தைத் தபாலுக்கும் நீட்டிவிட்டார். மறுநாள் காலை, உறை பிரிக்காத கடிதத்தை ஒரு கையிலும் கிடாரிக் கன்று ஒன்றின் கயிற்றை மறுகையிலும் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் காரணத்தையும் ஆராதனையில் வாசிப்பார்கள். சபையின் பாதிரியார் தேவசிகாமணி ஐயர் கணீரென்று வாசித்தார்: "அப்பாத்துரை குமாரத்தி சாலோமிக்கு வைத்தியப் பள்ளியில் இடம் கிடைத்ததற்காக ஸ்தோத்திர காணிக்கை, கிடாரிக் கன்று ஒன்று." சபை முழுவதும் ஆமென் என்றது. பெண்கள் பக்கத்தில் ஆமென் கொஞ்சம் உரக்கவே கேட்டதாம். வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த கன்றும் தன் பங்குக்குக் கத்தியிருக்கிறது.

ஆராதனை முடிந்து ஐயர் உறையைப் பிரித்தார். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அப்பாத்துரை, நூத்துக்கு இருவத்தொம்பதுதான் வந்திருக்கு. நாப்பது வேணுமாம். சேத்துக்கிட முடியலன்னு வருத்தத்தோட எழுதியிருக்காவ."

அப்பாத்துரை வாசல் வழியே வேப்பமரத்துக் கன்றைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்பம் சபையே ஆமென்னு சொன்னாவளே, அது என்னாவும் ஐயரவாள்?"

பிரிக்காத கடிதத்தை நம்பி வாசித்தது தன் தப்பு என்பது ஐயருக்கு உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே திருத்திச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். கன்றை ஓட்டிக்கொண்டு போகும்படியும் சொன்னார். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற பழக்கம் தன் குடும்பத்தில் இல்லை என்று அப்பாத்துரை கையை வீசி நடந்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் சாலோமி தண்ணீருக்குக்கூட வெளியே போகவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்பம் பள்ளிக்கூடம் போற?" என்று ஆசையாகக் கேட்டால் என்ன சொல்லுவாள், பாவம்?

அடுத்த ஞாயிறு ஐயர் வாயைத் திறக்கும் முன்பே சாலோமி பாயிலிருந்து எழுந்துவிட்டாள். அந்தச் சபையில் ஒரு குமரிப்பெண் ஆராதனை நடுவில் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"எனக்கு எடம் கெடைக்கல. நான் வாங்குனது இருவத்தொம்பது மார்க்கு. எங்க அப்பா தெரியாமச் சொல்லிட்டாவ. நீங்க சொன்ன ஸ்தோத்திரம் வீணாப் போச்சு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

அப்போது பின்வரிசையில் சாரம்மாள் எழுந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகள் இரண்டு நாள் பிரசவ வேதனைப்பட்டுச் செத்துப்போனாள். மருந்துச்சாலையில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெஸ்ஸர் வண்டி கட்டி வரத்தான் செய்தார். ஆம்பிளை உள்ளே வரக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னதை உள்ளே யாருக்கும் செய்யத் தெரியவில்லை.

"ஒக்காரு தாயி" என்றாள் சாரம்மாள். "நான் ஆமென்னு சொன்னது ஒம் மார்க்குக்கு இல்ல. நம்ம பெண்டுக கிட்டத்துல நின்னு வைத்தியம் பாக்க ஒரு பொம்பளப் பிள்ள வாராளேன்னு சொன்னேன். மனசாரச் சொன்னேன். அத நான் திரும்ப வாங்க மாட்டேன். ஐயரவாள், நீங்க ஒண்ணும் திருத்த வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்து டாக்டர் அம்மைக்கு எழுதுங்க. நாங்க ஆண்டவர்கிட்ட நன்றி சொல்லி முடிச்சாச்சு, இனி அவுகதான் பாத்துச் செய்யணும்னு எழுதுங்க."

ஐயர் பயந்த சுபாவம். ஆனாலும் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினார். பெண்கள் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் கீழே கைநாட்டு வைத்தார்கள். கடைசியில் ஐயர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: பிரிக்காமல் வாசித்த பிழை என்னுடையது, இந்தப் பெண்ணுடையது அல்ல.

இனி நான் கண்ணால் பார்த்தது. பள்ளி திறந்த முதல் நாள். தாழ்வாரத்தில் நாங்கள் ஒன்பது பேர் நின்றோம். கருப்பட்டி வாசனையடிக்கிற மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. அப்பாத்துரை, சாரம்மாள், சாலோமி மூவரும் அந்தக் கடிதத்தோடு இறங்கினார்கள். தலைமை டாக்டர் மிஸ் கார்ட்ரைட் அம்மை சீமையிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, தமிழ் பிடிபடவில்லை. இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவள் யார் என்று கேட்டார். நான் முன்னே போனேன்.

ஒளிக்காமல் சொல்லுகிறேன், எனக்கு எரிச்சலாக இருந்தது. நாங்கள் முட்டி மோதி எடுத்த மார்க்குக்கு என்ன மரியாதை? கைநாட்டுக் காகிதத்தோடு வந்து நின்றால் கதவு திறந்துவிடுமா?

அம்மை கடிதத்தைப் படித்து முடித்து, "நான் தீர்மானிக்கும் முன்பே என் தீர்மானத்துக்கு நன்றி சொன்னவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். சிரிக்கவில்லை. "இந்த மார்க்கோடு இங்கிலீஷ் புத்தகங்களை எப்படிப் படிப்பாய் என்று கேள்."

கேட்டேன்.

"தெரியல" என்றாள் சாலோமி. "மத்தவங்க ஒரு தரம் படிச்சா நான் மூணு தரம் படிக்கேன். அப்பவும் வரலன்னா நாலாந்தரம் படிக்கேன். எனக்கு மூளை கம்மிதான், அம்மாகிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஊர்ல பெண்டுக செத்துப்போறாவ."

இதில் கடைசி வரியை நான் விட்டுவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நொடி அந்த நினைப்பும் வந்தது. பக்கத்தில் சாரம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் இங்கிலீஷில் ஒரு வார்த்தை புரியாதவள், நான் சரியாகத்தான் சொல்லுவேன் என்று முழுசாக நம்பி நின்றாள். அத்தனையும் சொன்னேன்.

"மார்க்கை என்னால் கூட்ட முடியாது" என்றார் அம்மை. "ஆனால் நாற்பது எடுத்தவர்கள் ஒன்பது பேர்தான். ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் பரீட்சை வரை இருக்கட்டும். அதில் நாற்பது எடுத்தால் தொடரலாம். ஒரு மார்க்கு குறைந்தாலும் வீடு திரும்ப வேண்டும். அப்போது எந்தக் கடிதமும் உதவாது. சம்மதமா?"

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சாரம்மாள் "ஸ்தோத்திரம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அது மட்டும் அம்மைக்குப் புரிந்துவிட்டது. "கிறிஸ்துமஸ் வரை பொறுக்கச் சொல்" என்றார். இந்தத் தடவை சிரித்தார்.

அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விடியற்காலை எழுந்து உட்காருவோம். ஒரு எலும்பின் பெயர் அவள் வாயில் நுழைய ஒரு நாள் ஆகும். கடைசியில் எல்லாவற்றையும் கீர்த்தனை மெட்டில் போட்டுக்கொண்டாள். கிணற்றடியில், சாப்பாட்டு வரிசையில், துணி காயப்போடுகையில், எங்கே பார்த்தாலும் தோள்பட்டையிலிருந்து கால்விரல் வரை ராகத்தோடு கேட்கும். எங்களுக்கெல்லாம் அது தொற்றிக்கொண்டு நாங்களும் முணுமுணுத்தோம். வகுப்பில் ஒரு எலும்புக்கூடு தொங்கும். முதல் நாள் நாங்கள் அதைப் பார்த்து அலறினோம். அவள் கிட்டப் போய், "யாரு பெத்த பிள்ளையோ, நமக்காக நிக்குது. நல்லா இருக்கணும்" என்றாள். செத்தது எப்படி நல்லா இருக்கும் என்று நான் கேலி செய்தேன்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் நன்றிதான். சோறு போடுகிறவளுக்கு, விளக்குத் துடைக்கிறவளுக்கு, திட்டுகிற எனக்கு. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ஏட்டி, இருவத்தொம்பது மார்க்குக்கு இம்புட்டு ஸ்தோத்திரமா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "ஒன் எழுவத்தாறுக்கு ஒங்க வீட்டுல என்ன செஞ்சாவ?" என்று கேட்டாள்.

என் தகப்பனார் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஏன் எண்பது வரவில்லை என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன்.

சாலோமி புத்தகத்தை மூடினாள். "அப்பம் நான் சொல்லுதேன்" என்று, என் எழுபத்தாறு மார்க்குக்காக அங்கேயே, என் பெயரைச் சொல்லி, ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். பள்ளிக்கூடத்து வாத்திச்சி அல்லவா, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு வேண்டாவெறுப்பாகப் பாடம் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு வேறு பயம் பிடித்தது. கார்த்திகை பிறந்த பிறகும் அவள் வாக்கியங்கள் நொண்டின. இவள் தோற்றால் வண்டியேறிப் போவாள், அந்தச் சபையில் எந்த முகத்தோடு உட்காருவாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு மார்க்கு வாசித்தார்கள். மேலிருந்து கீழாக. முதலில் என் பெயர் வந்தது. என் காதில் ஏறவே இல்லை. ஒன்பதாவது பெயர் ஐம்பத்தொன்றில் முடிந்தது. மிஸ் கார்ட்ரைட் அம்மை தாளைத் திருப்பினார்.

"சாலோமி. நாற்பத்திரண்டு."

அவள் குதிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஏட்டி பாக்கியம், எங்க ஊர்ல ஆமென்னு சொன்னவுக யாரும் பொய் சொல்லல."

என் வாழ்நாளில் முதல் தடவையாக, இன்னொருத்தி தேறியதற்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.