நான் அனுப்பிய சோதனைச் செய்தி

போரின் கடைசி வருடங்களில் நான் கொழும்பில், கொம்பனித்தெருவில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை செய்தேன். கடைகளும் டியூஷன் நடத்தும் டியூட்டரிகளும் கிளினிக்குகளும் தங்கள் வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே தடவையில் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு சேவையை அந்தக் கம்பனி நடத்தியது. தமிழ் வாடிக்கையாளர்களின் சிக்கல்களைப் போனில் கேட்டுத் தீர்ப்பது என் பொறுப்பு. அந்த வருடம் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. நாங்கள் பாவித்த மென்பொருளுக்கு வருட முடிவோடு உதவி நின்றுவிடும் என்று அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பனி எழுதியிருந்தது. புதிய பதிப்புக்கு மாற வேண்டும். மாறும் நாளில் யார், எத்தனை மணிக்கு, எதை எந்த ஒழுங்கில் செய்வது என்ற திட்டத்தை என்னை எழுதச் சொன்னார்கள்.

எங்கள் பிரிவில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு சிங்களவர். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நான் அவரைச் சிங்களத்தில் அய்யே, அண்ணா, என்பேன்; அவர் என்னை நங்கி, தங்கச்சி, என்பார். திட்டத்தின் முதல் வரைவைப் பார்த்துவிட்டு, "அதிகாலை ஒரு மணிக்குத் தொடங்குவோம். அப்போதுதான் செய்திப் போக்குவரத்து குறைவு" என்றார்.

நான் போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று, பகலில் செய்வோம் என்றேன். கடைகள் பூட்டியிருக்கும், செய்தி அனுப்ப ஆளிருக்காது என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. திருகோணமலை விலாசம் போட்ட அடையாள அட்டையோடு அந்த நேரத்தில், தமிழர் என்றால் மறித்து விசாரிக்கிற காலி வீதியால் என்னால் போக முடியாது. அவருக்கு அது விளங்கியதோ என்னவோ, வரைவில் இருந்த நேரத்தை வெட்டிவிட்டு, "சரி, போயா" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்து, வெளிச்சத்திலேயே நான் இருந்த வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் நினைப்பாக இருந்தது. அதனால் திட்டத்தை இறுக்கிக்கொண்டே போனேன். புதிய மெசினிலிருந்து போன் வலையமைப்புக்குப் போகும் தொடர்பை முதலில் மூடிவிட்டு, பிறகுதான் செய்திகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். மூடித் திறக்க அரை மணித்தியாலம் போகும். எப்படியும் தொடர்பு இன்னும் கொடுக்கப்பட்டிருக்காது என்று எண்ணி, அந்தப் படியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

போயா அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. அய்யே பழைய மெசினில் இருந்தார், நான் புதியதில். வெள்ளவத்தைப் புடவைக்கடை ஒன்றின் வாடிக்கையாளர் பட்டியலைப் புதிய மெசினில் ஏற்றியிருந்தேன். பில் போடும்போது நம்பர் கொடுத்துவிட்டுப் போகிற முந்நூறு சொச்சம் பேர், அநேகமாக எல்லாரும் தமிழர். அப்போது பல போன்களில் தமிழ் எழுத்து தெரியாது, ஆங்கில எழுத்தில்தான் தமிழை அனுப்புவோம். இரண்டு செய்திகள் எழுதினேன். ஒன்று உடனே போவது, மற்றது நேரம் குறித்து வைத்து மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தானாகப் போவது. குழம்பாமல் இருக்க, இரண்டாவது எப்போது போகும் என்று முதலாவதிலேயே அடித்தேன்: "சோதனை. நாளை காலை 5 மணி." இரண்டாவதில்: "சோதனை தொடங்கியது."

பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு நம்பருக்கும் நேரே 'சேர்ந்தது' என்று திரையில் வந்தது. புதிய மென்பொருள் சும்மா ஒப்புக்குக் காட்டுகிறது என்றுதான் நினைத்தேன். திட்டத்தாளில் அந்த வரிக்கு நேரே ஒரு சரி போட்டேன்.

மூன்றரைக்கு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினேன். நான் வாடகைக்கு இருந்த அறை கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில், ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. ஒழுங்கை முகப்பில் நாலைந்து பெண்கள் கூடி நின்றார்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு வீட்டு வாசலில் ஓட்டோ நின்றது. ஒரு பொடியன் பையோடு ஏறினான், அவன் தாய் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தா.

அதே மாடியில், என் அறைக்கு எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரும் அவரது மகனும் இருந்தார்கள். மகனுக்கு இருபத்தொரு வயது, கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துத் தருகிறவ அந்த அன்ரி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தா.

"பிள்ளை, கேள்விப்பட்டனியே? நாளைக்கு விடிய ரவுண்டப்பாம்."

"ஆர் சொன்னது?"

"மெசேஜ் வந்திருக்கு. கன பேருக்கு வந்திருக்கு." போனை என் கையில் தந்தா.

என் சொற்கள் அதில் இருந்தன. முற்றுப்புள்ளி கூட நான் வைத்த இடத்தில் இருந்தது. கீழே பெயரில்லாத ஒரு நம்பர். புதிய மெசினுக்குத் தொடர்பை முன்பே கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சோதனை என்றால் எங்களுக்குப் பரீட்சை. அந்த வருடங்களில் வெள்ளவத்தையில், காலை ஐந்து மணி என்று சேர்த்துச் சொன்னால், அதற்கு ஒரு அர்த்தம்தான். ஆமி ஒழுங்கையை மறித்து, வீடு வீடாக ஏறி, பொடியன்களைக் கீழே இறக்கி வரிசையில் விடும்.

செய்தியை இரண்டாம் தரமும் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கும் பயம் என்றுதான் அன்ரி எடுத்திருப்பா.

"தம்பி எங்க?"

"கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிட்டன். என்ர அக்கா வீட்டை. போன கிழமைதான் அங்க செக்கிங் நடந்தது. இனி இப்போதைக்கு வராது."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவது செய்தி நினைவுக்கு வந்தது. அது மெசினுக்குள் காத்துக்கொண்டிருந்தது. விடிய ஐந்து மணிக்கு, முந்நூறு வீடுகளில் போன் அடிக்கும். சோதனை தொடங்கியது.

அய்யேக்குப் போன் எடுத்தேன். என்ன நடந்தது என்று போனில் சொல்லப் பயமாக இருந்தது. எங்கள் எல்லாருடைய போனையும் யாரோ கேட்கிறார்கள் என்றுதான் நாங்கள் நம்பினோம். "ஒரு பிழை நடந்துவிட்டது, நான் திரும்பி ஒபிசுக்கு வர வேணும்" என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன். "ஒபிஸ் கதவுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. வா" என்றார்.

வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், எங்கே போகிறாய் என்று கேட்டான். ஒபிசுக்கு என்றேன்.

"போயா நாளில் என்ன ஒபிஸ்?"

கம்பியூட்டர் வேலை என்றேன். பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே திட்டத்தாள்கள் இருந்தன, பக்கம் பக்கமாக மணியும் நிமிடமும் எழுதியவை. இரண்டு பக்கத்தைப் புரட்டினான். ஆங்கிலம் என்பதாலோ, பின்னால் வரிசை நீண்டிருந்ததாலோ, பையை மூடு என்று கையால் காட்டினான். பஸ்ஸில் ஏறியதும் அந்தத் தாள்களைப் பையின் அடிக்குத் தள்ளினேன்.

அய்யே எனக்கு முன்பே வந்து லைட்டைப் போட்டிருந்தார். முதலில் இரண்டாவது செய்தியை அழித்தேன். பிறகுதான் அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தை விளங்கப்படுத்தினேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அதே ஆட்களுக்குத் திருத்தம் அனுப்பு. கம்பனிப் பெயரோடு."

"பெயர் போட்டால் பொலிஸ் வருமே, அய்யே."

"போடாவிட்டால் யார் நம்புவார்கள், நங்கி?"

எழுதினேன். இன்று வந்த செய்தி கம்பியூட்டர் வேலையில் தவறுதலாக வந்தது, எவரும் பொருட்படுத்த வேண்டாம், மன்னிக்கவும். கடைசியில் கம்பனியின் பெயர். அனுப்பிவிட்டு அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"அன்ரி, அந்த மெசேஜ் பிழையாம். இப்ப ஒண்டு வந்திருக்கும், பாருங்கோ."

"வந்தது. அது இன்னும் பயமாக் கிடக்கு. எங்களை வீட்டில இருக்க வைக்கச் செய்யிற வேலையாக்கும். பிழையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

நான்தான் அனுப்பினேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. "ஒபிசில கதைச்சவை" என்றேன். என் கம்பனியின் பெயர் அவவுக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளவத்தையில் ஒன்றும் நடக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் விடிய அஞ்சரைக்குத் தெருக்களை மறித்தார்கள். பெரியம்மா வீட்டில் தம்பியைப் பிடித்தார்கள். அவன் பொலிஸ் பதிவு வெள்ளவத்தை விலாசத்தில் இருந்தது, பெரியம்மா வீட்டில் இருப்பவர்களைப் பதிந்த துண்டில் அவன் பெயர் இல்லை. நேற்று ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். சோதனை என்று செய்தி வந்தது என்றிருக்கிறான். அதுதான் வினையாகிவிட்டது. சுற்றிவளைப்பு நடக்கப்போவது இவனுக்கு முதல் நாளே எப்படித் தெரியும், யார் தகவல் கொடுத்தது என்று அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அன்ரி இரண்டு நாள் பொலிஸுக்கு நடந்தா. தன் போனைக் கொண்டுபோய்க் காட்டினா. திருத்தச் செய்தியையும் நடிப்பு என்று சொல்லி, அவவையும் சந்தேகப்பட்டார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் படியிலேயே இருந்துவிட்டா. "நாலாம் மாடிக்கு மாத்தப்போறாங்களாம், பிள்ளை" என்றா. அது இரகசியப் பொலிஸின் விசாரணை மாடி. விசாரணைக்கென்று அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று எவருக்கும் தெரியாது.

நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குப் பதிலாக நான் உள்ளே போவேன், திருகோணமலையில் அப்பா அம்மாவுக்கு யார் சொல்வது என்று மட்டுமே யோசித்தேன். அந்த இரவு முழுக்க இதே கணக்கு.

விடிந்ததும் ஒபிசுக்குப் போய் அய்யேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளர் காதுக்கும் போனது. கம்பனியைப் பொலிசுக்கு இழுக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அய்யே ஒரு நாள் லீவு எழுதி மேசையில் வைத்துவிட்டு, திட்டத்தாளையும் எந்த நம்பருக்கு எத்தனை மணிக்குச் செய்தி போனது என்ற பட்டியலையும் பிரிண்ட் எடுத்தார். "வா, நங்கி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்றார்.

தம்பியை வைத்திருந்த பொலிஸ் நிலையத்தின் மர வாங்கில் பத்து மணியிலிருந்து குந்தியிருந்தோம். எனக்குத் தண்ணீர் விடாய்த்தது, கேட்கத் துணிவு வரவில்லை. ஒரு மணி போலத்தான் அதிகாரி கூப்பிட்டார். வயதானவர், கண்ணாடி போட்டவர். என் அடையாள அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"திருகோணமலை. இங்கே எத்தனை வருடம்?"

"நாலு வருடம், சேர்."

"அந்தச் செய்தியை அனுப்பியது நீ?"

"ஓம்... ஔ சேர்." தமிழில் தொடங்கிச் சிங்களத்துக்கு மாறினேன்.

திட்டத்தாளை ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பழைய மென்பொருளை நிறுத்தும் கட்டளையை நான் 'கில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். எங்கள் வேலையில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்.

"யாரைக் கொல்வது, இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு?"

அய்யே முன்னுக்குச் சாய்ந்து, மெதுவான சிங்களத்தில் விளக்கினார். கம்பியூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை நிறுத்துவதற்கு அந்தச் சொல், தானும் தினமும் எழுதுவதாகச் சொன்னார், இந்தத் திட்டத்தில் தன் கையெழுத்தும் இருக்கிறது என்றார். கையெழுத்தைக் காட்டினார். பிறகு பட்டியலைக் காட்டி, புடவைக்கடை நம்பர்களில் தம்பியின் தாயின் நம்பர் எத்தனையாவதாக இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். அதிகாரி கடைக்காரருக்குப் போன் எடுத்து, பட்டியல் அவருடையதுதானா என்று கேட்டார். இன்னும் இரண்டு இடத்துக்குப் பேசினார். எங்களை மறுபடி வாங்கில் இருக்கச் சொன்னார்கள்.

நாலு மணிக்கு என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சிங்களத்தில் இருந்தது. அய்யே முழுவதையும் வாசித்துப் பார்த்து, ஒரு வரியை மாற்றச் சொல்லி, மாற்றிய பிறகே என்னிடம் பேனையைத் தந்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, "உங்கள் மொழியில் இந்தச் சோதனைக்கு வேறு சொல்லே இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"இருக்கு, சேர்."

தம்பி உள்ளே இருந்து வந்தான். பெல்ட் இல்லாததால் காற்சட்டையைக் கையால் பிடித்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாசலில் நின்ற அன்ரி அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா, ஆனால் அழவில்லை. அய்யே ஒரு ஓட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டுத் தன் பாட்டில் பஸ்ஸுக்கு நடந்தார்.

ஓட்டோ காலி வீதிக்குத் திரும்பும்போது சொன்னேன். "அன்ரி, அந்த மெசேஜ் நான் அனுப்பினது. வேலையில பிழைச்சுப்போச்சு."

"தெரியும். உள்ளுக்கு ஒருத்தன் சொன்னவன்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னா. "பிழை ஆருக்கும் வரும். அண்டைக்குப் பின்னேரம் போனில சொல்லியிருந்தா, நான் அவனை ஆறு மணிக்கே திருப்பிக் கூப்பிட்டிருப்பன்."

தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான்.

பிறகு அன்ரி என்னோடு கதைப்பதை நிறுத்தினா. சண்டை இல்லை, படியில் கண்டால் விலகி வழிவிடுவா, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவர்கள் இந்தியாவுக்குப் போனார்கள். போகிற அன்று தம்பி மட்டும் என் கதவைத் தட்டி, "அக்கா, நாங்கள் வெளிக்கிடுறம்" என்றான். வேறு ஏதோ சொல்ல வந்தான், கீழே இருந்து தாய் கூப்பிட்டதால் போய்விட்டான்.

என் வாக்குமூலம் அந்த நிலையத்தில் எங்கோ ஒரு தாள்கோவையில் இருந்தது. அதனால் படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குத்தான் வருகிறார்கள் என்று எழுந்து உடுப்பை மாற்றிக்கொண்டு இருப்பேன். போர் முடியும்வரை அப்படித்தான் இருந்தேன். ஒருவரும் வரவில்லை.