மூக்கன் க்ளின் புகழ்ந்த சைடர்

எங்கள் லிண்டன்ஹோப் ஊரில் அவரை க்ளின் காட்சால் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. மூக்கன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டயர் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க ரப்பர் நாற்றத்தில் கிடக்கிற மனிதருக்கு எங்கிருந்து இப்படி ஒரு மூக்கு வந்தது என்று ஊரில் கேலி பேசுவோம்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கிரிக்கெட் மைதானத்தில் பியரும் ஆப்பிள் மதுவான சைடரும் விற்கும் திருவிழாவை நெடுங்காலமாக அவர்தான் நடத்திவந்தார். கூடாரம் அடிப்பது, வண்டல் கலங்காதபடி பீப்பாய்களை மரச்சட்டத்தில் ஏற்றி வைப்பது, சூடேறாமல் ஈரச்சாக்கு போர்த்துவது, எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் ஊர் அவரை மதித்தது வேறொன்றுக்காக. திருவிழா தொடங்கும் காலையில் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் பிடித்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்து, "இது போகும்" அல்லது "இது வேணாம்" என்பார். அவர் வேண்டாம் என்றது கூடாரத்தில் நிற்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மோப்பமும் போய்விட்டது. ஒரு காலையில் அடுப்பில் பன்றி இறைச்சி கருகி நாற்றம் வீடெங்கும் பரவியது. பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனைவி ஜாய்ஸ் ஓடிவந்து, "இவ்ளோ தீயுது, உனக்குத் தெரியலையா?" என்று கத்தினாள்.

"மேட்ச் பத்திப் படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

முதல் பொய் அது. பிறகு தட்டில் எதை வைத்தாலும் பழைய பாராட்டுகளையே சொல்லிச் சாப்பிட்டார். கடையில் பெட்ரோல் கேனைத் திறந்து மூக்கை வைத்துப் பார்ப்பார். வெறும் காற்று. ருசி பார்க்கும் வேலையை இந்த வருடம் வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்துக்கும் போவார். அங்கே யாராவது, "மூக்கன் இருக்கான், நமக்கென்ன கவலை?" என்பார்கள். வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார்.

திருவிழா நாளும் வந்தது. பியர்களைக் கண்ணால் சமாளித்தார். தெளிவு, நுரை, நிறம் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். சைடர் வரிசையில் நெஸ்டா ப்ரோபெர்ட்டின் பீப்பாய் இருந்தது. நெஸ்டா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாலைந்து ஆப்பிள் மரங்களை நம்பி சைடர் போட ஆரம்பித்திருந்தாள். முந்தின வருடம் அவள் கொண்டுவந்ததை க்ளின் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பியிருந்தார். "இன்னொரு குளிர்காலம் போகட்டும் நெஸ்டா" என்று சொன்னபோது அவள் முகம் வாடியது அவருக்கு நினைவிருந்தது.

இந்த முறை குடித்துப் பார்த்தார். குளிர்ச்சி, லேசான புளிப்பு, அடியில் ஒரு தித்திப்பு. அவ்வளவுதான் நாக்குக்கு எட்டியது.

"எப்படிய்யா?" என்றான் கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பர் ரஸ்ஸல்.

"இந்த வருஷத்துலயே இதுதான்யா பெஸ்ட்."

ரஸ்ஸல் உடனே கரும்பலகையில் "மூக்கனின் தேர்வு: நெஸ்டாவின் சைடர்" என்று பெரிதாக எழுதி வாசலில் மாட்டினான். மதியத்துக்குள் அந்தப் பீப்பாய்க்கு வரிசை நின்றது.

சைடருக்கு வரும் கேடுகளிலேயே மோசமானது எலி வாடை. முகர்ந்தால் தெரியாது. விழுங்கிக் கொஞ்சம் பொறுத்தால், சுத்தம் செய்யாத எலிக்கூண்டு போலத் தொண்டைக்குள்ளிருந்து மூக்குக்கு எழும்பி வரும். வீட்டில் நன்றாக இருந்த சைடர்கூட, காற்றுப் பட்டு இடம் மாறியதும் இப்படி ஆகிவிடுவது உண்டு. நெஸ்டாவின் பீப்பாய்க்கும் அதுதான் நேர்ந்திருந்தது. குடித்தவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் மூக்கனே நல்லது என்று சொன்ன பிறகு யார் வாய் திறப்பது? "பழைய முறையில போட்டது போல" என்றார் ஒருவர். "பழகணும்பா" என்றார் இன்னொருவர், கண் கலங்க.

கூடாரத்துக்குப் பின்னால் ஒரு விவசாயி தன் கிளாஸைப் புல்லில் கவிழ்ப்பதை க்ளின் பார்த்தார். சைடர் கெட்டிருப்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பலகையை இறக்கியிருக்கலாம். பீப்பாயை மூடியிருக்கலாம். மூடினால் ஏன் என்று கேட்பார்கள். வரிசையில் அடுத்து நின்றவருக்கு ஊற்றிக் கொடுத்தார்.

நெஸ்டா அக்காவை அழைத்துக்கொண்டு, நல்ல நீலச் சட்டை போட்டு வந்தாள். பலகையைப் படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. ரஸ்ஸல் ஒரு கிளாஸை நீட்டி, "உன்னோடதுதான், ஏத்து!" என்றான். ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். பிறகு அசையாமல் நின்றாள்.

"க்ளின், இத நீ குடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப எலி வாடை வந்திருக்குன்னு உனக்குத் தெரியும்."

க்ளின் துணியால் பீப்பாய்க் குழாயைத் துடைத்தார்.

"போன வருஷம் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்ன. அது மரியாத. இது என்ன? எம் பேர எழுதி மாட்டிட்டு, ஊரே எம் முதுகுக்குப் பின்னாடி சிரிக்கணுமா?"

பின்னாலிருந்து ஒருவன், "நல்லா ஆப்பு வச்சான்டா மூக்கன்!" என்றான். இவ்வளவு நேரம் தொண்டையில் சிக்கிக் கிடந்த சிரிப்பு கூடாரம் முழுக்க வெடித்தது. இதெல்லாம் க்ளின் செய்த குறும்பு என்று நினைத்துக்கொண்டார்கள். தங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி வேறு. க்ளினும் சிரித்தார். சின்னச் சிரிப்புதான். நெஸ்டா அதைப் பார்த்தாள். கிளாஸை மேசையில் வைத்துவிட்டு அக்காவோடு வெளியேறினாள்.

மறுநாள் காலையில் மிச்சப் பீப்பாயை வேனில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மூக்கு போச்சு நெஸ்டா. பிப்ரவரிலேர்ந்து ஒரு வாசனையும் தெரியல. யார்கிட்டயும் சொல்லல, ஜாய்ஸ்கிட்டகூட. உன்னோடது கெட்டிருக்குன்னு நேத்துக் காலையில எனக்குத் தெரியாது."

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "சரி, காலையில தெரியாது. சிரிச்சியே, அப்பத் தெரியும்ல?"

அவர் காதுவரை சிவந்து, காலடிப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க வச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை உதறினாள்.

திருவிழாவின் இரண்டாம் நாளான அன்று பிற்பகல் கூடாரம் நிறைந்திருந்தபோது க்ளின் ஒரு காலிப் பெட்டி மேல் ஏறி நின்று, மூக்கு போனதையும் மறைத்ததையும் சொன்னார். "நேத்து நடந்தது குறும்பில்ல. நான் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, அவகிட்டத் தனியா சொல்லியிருப்பேன், அவளும் கமுக்கமா எடுத்துட்டுப் போயிருப்பா. அத விட்டுட்டு, மாட்டிக்கக் கூடாதுன்னு அவளப் பாத்துச் சிரிச்சேன்" என்றார். யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் கையிலிருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேற்றுச் சிரித்தவர்கள்தானே எல்லோரும். நெஸ்டா வந்திருக்கவில்லை. ஜாய்ஸ் வந்திருந்தாள். ஊரோடு ஊராக அவளும் அப்போதுதான் கேட்டாள். எழுந்து தனியாக வீட்டுக்கு நடந்து போனாள்.

ஜாய்ஸ் சமாதானமாகப் பல வாரங்கள் ஆயின. நெஸ்டா இப்போது பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குத்தான் சைடர் அனுப்புகிறாள். நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். டயர் பஞ்சரானால் க்ளினிடம்தான் வருவாள். டயரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவாள்.

எங்கள் கூடாரத்தில் ரஸ்ஸல்தான் இப்போது ருசி பார்க்கிறான். க்ளினுக்கு மோப்பம் ஓரளவு திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் இந்த வருடம் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தான்.

"வாய்யா, பழையபடி நீயே பாரு."

"வேணாம்பா" என்றார் க்ளின். ஈரச்சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு பீப்பாய்ப் பக்கம் போய்விட்டார்.