கொசுறு போட்ட கட்டணம்

சந்தையில் அவளைக் கொசுறு என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் வெட்டித் தருகிற வேலை. செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டு, நிறுத்துக் கட்டிய பிறகு, பையின் வாயை மூடுவதற்கு முன்னால் ஒரு வால்துண்டையோ நாலு பொடிமீனையோ உள்ளே தள்ளிவிடுவாள். மற்றக் கடைகளில் கேட்டால்தான் கொசுறு. இவளிடம் கேட்காமலே விழும்.

பக்கத்துக் கடை என்னுடையது. கிழிந்ததைத் தைத்து, நீளத்தைக் குறைத்துத் தருகிறேன். கூலிக்கு மேல் ஒரு தையல் ஓட்ட மாட்டேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "குறைஞ்சுதுன்னு ஒருத்தர் வாயால வந்துடக் கூடாதுக்கா" என்பாள். பிழைக்கத் தெரியாத ஜென்மம்.

புருஷன் செத்த கையோடு இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவள். நாலு வயது மகளைப் புருஷனுடைய தம்பி வீட்டில் விட்டுவிட்டு, இரண்டே வருஷத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வருஷமாவது! இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இவளுக்குக் கிடைப்பதற்குள் அங்கே அந்தப் பெண்ணுக்குப் படிப்பு நின்று, சித்தி வீட்டுப் பாத்திரமெல்லாம் அவள் தலையில் விழுந்தாயிற்று. போனில் பேசும்போது சித்தி பக்கத்திலேயே நிற்பாள். அதனால் எப்போதும் "நல்லா இருக்கேம்மா" என்ற ஒரே பதில்தான். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். தாய்க்காரி அந்தச் சத்தத்தைத்தான் கேட்பாள்.

விதி இதுதான். பதினெட்டு முடிவதற்குள் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டால் பிள்ளை தாயோடு வந்து சேரலாம். ஒரு நாள் தாண்டினாலும் அது பெரிய மனுஷி, தாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் எந்த வழியும் கிடையாது. விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம், கைரேகைக்கு ஒன்று, குடியேறும் உரிமைக்கு ஒன்று என்று மூன்றையும் கூட்டினால் தலை சுற்றும். அத்தனையையும் ஒரே வங்கி டிராஃப்டாக எடுத்து, தாள்களோடு தபாலில் அனுப்ப வேண்டும்.

சேர்த்தாள். விடியலில் ஹோட்டல்களுக்கு மீன் சுத்தம் செய்யும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொத்தைப் பல்லை அடைப்பதற்குக் காசு அதிகம், பிடுங்குவதற்குக் குறைவு என்று மருத்துவர் சொல்ல, பிடுங்கிவிட்டு வந்து அன்று மத்தியானமே வெட்டுப் பலகை முன்னால் நின்றாள். ரத்தத்தைத் துப்பித் துப்பி மீன் வெட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

முதல் தடவை அனுப்பியது வழியில் இருக்கும்போதே கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். தொகை குறைகிறது என்று கட்டோடு திரும்பி வந்தது. ஏற்றிய பணம் என்னவோ ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். குறைகிறது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் செத்துப் போனது. யார் வாயிலிருந்தும் கேட்டிராத வார்த்தை அல்லவா!

மகளுக்குப் பதினெட்டு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மறுபடி டிராஃப்ட் எடுக்கக் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், கடையைப் பார்த்துக்கொள் என்று கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அன்று வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு மடங்கு கொசுறு விழுந்தது.

அதுவும் திரும்பி வந்தது. சந்தையிலேயே உறையைக் கிழித்தோம். செலுத்திய தொகை கட்டணத்துக்குச் சமமாக இல்லை, ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இரண்டே வரி. மறுபடியும் குறைத்துத் தொலைத்தாயா என்று கத்தினேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றாள்.

"குறையலக்கா. கொஞ்சம் கூட வெச்சேன்."

"எதுக்குடி?"

"நடுவுல மறுபடி ஏத்திட்டாங்கன்னா? அதான். அரசாங்கத்துக்குக் குறையக் கூடாதேன்னு."

முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். அதனால்தான் என்னைக் கூட்டிப் போகவில்லை, பாவி. அந்த உறை தபாலில் ஆடி அசைந்து வந்த நாட்களுக்குள் அங்கே மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டிருந்தது.

குடியேற்ற அலுவலகத்துக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்களுக்குத் தெரிந்த ஆள்தான். வாரம் தவறாமல் சனிக்கிழமை மீன் வாங்க வருவார். வீட்டில் பூனை இருக்கிறது என்று எப்போதும் கூட ஒரு துண்டு கேட்டு வாங்குவதால் பூனைக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். ஆனாலும் முகத்தில் ஓர் அசைவில்லை. கல்லுளிமங்கன்! கூடுதலாக வரும் பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று விதியில் சொல்லவில்லை, அதனால் மொத்தத்தையும் திருப்பிவிடுவோம் என்றார். சரி, மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வந்த தேதியைப் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன். கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை, அது கத்தலாகத்தான் வந்தது. காவலாளி நெருங்கி வந்தான்.

"வயசு தாண்டிடுச்சும்மா. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் பூனைக்காரர். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எழுந்திருக்கும்போது அவள், பூனை நன்றாக இருக்கிறதா என்று அவரைக் கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வெட்கமே இல்லாமல் கடைக்கு வந்தார். அவள் வெட்டினாள், நிறுத்தாள், பையை முடிச்சுப் போட்டு நீட்டினாள். கொசுறு விழவில்லை. அப்பாடா, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். அவர் பையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"பூனைக்கு?" என்றார்.

தைத்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டு நான் எழுந்தேன். அதற்குள் அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு தலையும் வாலும் உள்ளே போட்டுவிட்டாள். குறைந்தது என்று அவர் வாயால் வந்துவிடக் கூடாதாம்.

அன்று மத்தியானம் மகள் போன் செய்தாள். இவள் கையெல்லாம் மீன் செதில், அதனால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அந்தப் பெண் அழவில்லை.

"எவ்வளவும்மா கூட வெச்ச?"

இவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வால்துண்டு விலை."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட இல்லை. "சித்தி கூப்பிடுறாங்க" என்றாள். போன் நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தால் சித்திதான் எடுக்கிறாள். பெண் வேலையாக இருக்கிறாள் என்கிறாள்.