விச் போட்ட கடிதம்

மலையாள நாட்டுக் கரமனையில் எங்கள் தமிழ்த் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆபீஸுக்கு எழுதினாலும் கடிதம் இங்கிலீஷில்தான் போகவேண்டும். போகுமுன் ரிட்டையரான சூப்பிரண்டு ஒருவர் அதைப் பச்சை மையால் திருத்தவேண்டும். அவர் திருத்தாத காகிதத்தில் கையெழுத்துப் போட ஒருவருக்கும் கை எழாது.

எங்கள் அடுத்த வீட்டுக்காரி கல்யாணங்களுக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். போன வருஷம் அவள் வாசலில் புதிதாகப் போட்ட குடிநீர்க் குழாய் ஒரே வாரத்தில் வெடித்தது. மாவு காயவைக்கிற அறைக்குள் தண்ணீர். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு ஐந்நூறு முறுக்கு. தண்ணீர் ஆபீஸுக்குப் போனில் சொன்னதற்கு ஆள் வரவில்லை, எழுதித் தாருங்கள் என்றார்கள். என்னிடம் வந்தாள். நான் பழவங்காடியில் தேங்காய்க் கடைக்காரன். பழைய பேப்பர் படித்து இங்கிலீஷ் கற்ற பண்டிதன். ‘த பைப் யூ லெய்ட் லாஸ்ட் வீக்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

சூப்பிரண்டு பார்த்தார். பைப்புக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு ‘விச்’ முளைத்தது: ‘த பைப் விச் யூ லெய்ட்’.

“ஓய், விச் இல்லாத இங்கிலீஷ் பூணூல் இல்லாத மார்பாக்கும்.”

“நாம பேசற தமிழ்லே விச் எங்கே இருக்கு மாமா? ‘நீங்க போட்ட பைப்’னா யாருக்குப் புரியாது?”

“அது தேங்காய்க் கடை பாஷை.”

சும்மா விடுவேனா? விச்சை அடித்தேன். அவர் ‘தட்’ போட்டார். அதையும் அடித்தேன். அவர் அலமாரியிலிருந்து இலக்கணப் புத்தகத்தை இறக்கினார். இரண்டு நாள், எத்தனையோ காப்பி. இரண்டு கிழட்டுச் சேவல்களும் ஒரு சொல்லைக் கொத்திக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் காலை, முழங்கால்வரை நனைந்த புடவையோடு அவள் வந்து நின்றாள்.

“குடல் கூழுக்கு அழறது, கொண்டை பூவுக்கு அழறதாம். மதி, போதும் மாமா, போதும் அண்ணா. நீங்க ரெண்டு பேரும் எழுதிண்டே இருங்கோ.”

பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில், கவுண்டரிலேயே நின்று நாலு வரி எழுதிக் கொடுத்தாள். அந்த ஆபீஸில் ஃபைல் ஓடுவதே மலையாளத்தில்தான். இது எங்கள் இருவருக்கும் தெரியாதா? தெரியும். ஆனால் தெருவின் கௌரவம் இங்கிலீஷில் அல்லவா இருக்கிறது! மத்தியானம் ஆள் வந்து குழாயை அடைத்தான்.

ஆனால் மாவு புளித்துவிட்டிருந்தது. புதிதாய் இடித்துக் காயவைத்துச் சுற்ற நாள் போதாது. கல்யாண வீட்டார் பாதி முறுக்கைக் கிழக்கேகோட்டையில் வேறொருத்தியிடம் சொல்லிவிட்டார்கள். மீதிப் பாதியை இவள் விரல் வீங்கச் சுற்றினாள்.

சனிக்கிழமை சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நம்ம லெட்டர் போயிருந்தா என்ஜினீயரே நேர்ல வந்திருப்பான், கேட்டீரா?”

வெட்கத்தோடு சொல்கிறேன், நான் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? “விச் இல்லாம போயிருந்தா” என்றும் சேர்த்துக்கொண்டேன்.