பிரேக்கை அமத்த ஓர் ஆள்

போன வாரம் வியாழக்கிழமை, வேலை முடிந்து காரில் வரும்போது, பரமாட்டா ரோட்டில் ஒரு லொறி என் முதுகில் ஏறப் பார்த்தது. ஒரு முழம் தள்ளி நின்றது. சாரதி இறங்கி வந்தார்.

"மேட், உன்னுடைய பிரேக் லைற் எரியவில்லை. நீ நிற்கப் போகிறாய் என்று எனக்கு யார் சொல்வது?"

நியாயமான கேள்வி.

என் காரைப் பற்றி இந்தப் பக்கத்தில் அலுக்க அலுக்க எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு மட்டும் — இங்கிலாந்தில் பிறந்த கிழவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு செய்த கார். சிட்னியில் எல்லோரும் புதுக் கார் தேடியபோது நான் இதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஏன்? பார்க்க அழகாக இருந்தது... வேறு காரணம் கிடையாது.

லொறிக் கதையை வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கலாம். மனைவி பவானிக்குத் திங்கட்கிழமை டிரைவிங் டெஸ்ற். இதே காரில். செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த கெமிஸ்ட்ரிக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வேலை. விடியக் காலையில் தொடங்கும். ஸ்டேஷனிலிருந்து அங்கே போக அந்நேரம் பஸ் ஓடாது. லைசன்ஸ் இருந்தால்தான் வேலை. டெஸ்ற் தவறினால் அடுத்த தேதி வரும்வரை அங்கே யார் காத்திருக்கப் போகிறார்கள்?

"லைற் இல்லாட்டி என்ன? யன்னலால கையை நீட்டிக் காட்டும். சட்டத்தில அதுக்கு இடமிருக்கு" என்றேன் நான்.

"நான் டெஸ்ற்றுக்குப் போறனோ, பஸ் மறிக்கப் போறனோ?" என்றாள் பவானி. அத்தோடு பேச்சு நின்றது.

நின்றது என்று சொல்வதும் சரியில்லை. எங்கள் வீட்டில் கோபம் வந்தால் பேச்சு நிற்காது, விலாசம்தான் மாறும். "தேத்தண்ணி ஆறுது" என்று அவள் கேத்திலிடம் சொல்வாள். "வேலைக்குப் போட்டு வாறன்" என்று நான் கதிரையிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவேன். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? மறைக்க வேண்டாம்.

சனிக்கிழமை கராஜில் வேலையைத் தொடங்கினேன். பல்ப் இரண்டையும் மாற்றினேன். எரியவில்லை. காரின் அடியில் புகுந்து, பிரேக் குழாயில் பூட்டியிருந்த சுவிட்சின் வயர் இரண்டையும் கழற்றி, ஒன்றோடொன்று தொட வைத்தேன். பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. ஆக, லைற்றில் குற்றமில்லை, சுவிட்ச்தான் போய்விட்டது.

பழைய கார்களை உடைத்து விற்கிற இடமொன்றில் அதே மாதிரிச் சுவிட்ச் அகப்பட்டது. பழையதைக் கழற்றி இதைப் பூட்டினேன். கை துடைத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தால்... பிசைந்த மாவை மிதித்ததுபோல் கால் உள்ளே உள்ளே போகிறது. சுவிட்சை மாற்றிய இடைவெளியில் பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது. லைற்றைத் திருத்தப் போய் பிரேக்கையே கெடுத்துவிட்டேன்.

அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தடியில் சின்னத் திருகாணி ஒன்றைத் தளர்த்தி, காற்றை விட்டு, உடனே இறுக்க வேண்டும். வீடு கூட்டுகிற தும்புத்தடியைப் பெடலுக்கு முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்கப் போயிருந்தார். கராஜுக்கு வெளியே பவானி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆராவது இந்தப் பிரேக்கை ஒருக்கா அமத்தினால் நல்லம்" என்றேன் காரிடம்.

"ஆரிட்டக் கேக்கினம் எண்டு விளங்கினால் அமத்தலாம்" என்றாள் அவள், என் சேர்ட்டிடம்.

வேறு வழி?

"பவானி, ஒருக்கா வாரும்."

வந்தாள். சாரதி ஆசனத்தில் ஏறினாள். நான் சக்கரத்தடியில் படுத்தேன்.

"அமத்தும்."

"அமத்திப்போட்டன்."

"அப்பிடியே பிடியும்... இப்ப விடும்."

நாலு சக்கரமும் முடிந்தது. என் முதுகு தனக்கு இவ்வளவு காணும் என்றது. "சரி, இறங்கும்" என்றேன்.

"காணாது. இன்னும் மெத்தெண்டிருக்கு."

"எனக்குத் தெரியாதோ?"

"கால் என்ரயெல்லோ."

முணுமுணுத்துக்கொண்டு திரும்பவும் படுத்தேன். கடைசிச் சக்கரத்தில் பெரிய குமிழ் ஒன்று புடுபுடுத்துக்கொண்டு வந்தது. பிறகு வெறும் எண்ணெய்தான்.

"இப்பதான் கல்லு மாதிரி நிக்குது. பின்னுக்குப் போய் லைற்றைப் பாருங்கோ."

அந்தப் 'பாருங்கோ' எனக்கு. கேத்திலுக்கு அல்ல. போனேன். இரண்டும் சிவப்பாக எரிந்தன.

அங்கே நிற்கும்போதுதான் யோசித்தேன். வேகம், பெற்றோல், சூடு — எல்லாம் சாரதியின் கண்ணுக்கு முன்னே இருக்கின்றன. பிரேக் லைற்றைப் பார்க்கப் பின்னால் ஆள் வேண்டும். பெடல் மெத்தென்றிருப்பதோ மிதிக்கிறவருக்குத்தான் தெரியும். சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

ஞாயிறு முழுவதும் எனக்குப் பயமாக இருந்தது. பவானி பிழை விடுவாள் என்றல்ல. அவள் பிழை விடாமல் ஓடி, என் காரால் தவறிவிடக் கூடாதே என்று.

திங்கட்கிழமை டெஸ்ற் அதிகாரி ஏறுவதற்கு முன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்னால் நின்று பிரேக்கை அழுத்தச் சொன்னார். தலையாட்டினார். கார் தெருமுனையில் மறைந்தது. நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். திரும்பி வந்ததும் அதிகாரி என்னிடம், "பழைய காருக்கு நல்ல பிரேக்" என்றார். பவானி கையில் கடதாசியோடு சிரித்தாள். பாஸ்.

நேற்று அவளுக்கு முதல்நாள் வேலை. விடிந்தும் விடியாத நேரத்தில் வாசல் படலையில் நின்று பார்த்தேன். தெருமுனையில் கார் மெதுவாகியது. இரண்டு லைற்றும் பளிச்சென்று எரிந்தன. "எரியுது" என்று தனியே நின்று சொன்னேன்.

அதே நேரத்தில் யன்னலால் ஒரு கையும் வெளியே நீண்டு, சட்டத்தில் சொன்னபடியே முழங்கையில் மடிந்து மேல்நோக்கி நின்றது.

லைற்றா, கையா என்றுதானே சண்டை? இரண்டையும் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் பென்டில் ஹில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். இனிமேல் எனக்கு ரயில்தான்.