எங்கள் மனையில் ஓர் ஆறு

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கிய நேரம். அடித்தளத்தை நிரப்புவதற்காக டிப்பர் லாரியில் செம்மண் கொண்டுவந்து மனையில் குவித்திருந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் மண் என்ன ஆயிற்றோ என்று நானும் என் கணவரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

மழை விட்டிருந்தது. ஆனால் மேட்டுப் பக்கத்துக் காலி மனைகளில் தேங்கிய தண்ணீர் இன்னும் இறங்கி வந்துகொண்டிருந்தது. அது எங்கள் குவியலை நடுவில் பிளந்து, மனை முழுவதும் மண்ணைப் பரப்பி, அதன்மேல் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது.

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! பாதி மண்ணு போயிடுச்சு. இன்னா பண்றது இப்போ?"

நான் குனிந்து தண்ணீர் போன தடத்தைப் பார்த்தேன். நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஆறு நிலத்தை எப்படி அறுக்கிறது என்ற பாடத்துக்கு வருடாவருடம் கரும்பலகையில் படம் போடுவேன். அதில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. இப்போது எல்லாமே என் காலடியில் இருந்தன. குவியலுக்குள் ஆழமான பள்ளத்தாக்கு. சமதளத்தில் பாம்பு மாதிரி வளைவுகள். தெருவோரம், தண்ணீர் வேகம் கம்மியாகும் இடத்தில், விசிறி விரித்ததுபோல ஒரு டெல்டா.

"ஐயோ, டெல்டாங்க! டெல்டா!" என்று கத்திவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தார். சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர் வழிந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "அழாதீங்க டீச்சர், மண்ணுதான? திரும்ப வாரிப் போட்டுக்கலாம்" என்று முதுகைத் தடவினார். விஷயம் தெரிந்ததும் அவரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வளைவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் கரைத்துக்கொண்டே இருந்தது. உட்பக்கம் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. இரண்டு திருப்பங்களுக்கும் நடுவே மண் வரவர ஒடுங்கியது.

"இது சீக்கிரம் அறுத்துக்கும் பாருங்க. ஆறு நேரா போயிடும், வளைவு தனியா ஏரி ஆயிடும்" என்றேன்.

"ஆவாது" என்றார் கணவர். "மசால் தோசை பந்தயம்."

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கணவர் ஓசைப்படாமல் கால் கட்டைவிரலால் அந்த இடுக்கில் மண்ணைத் தள்ளி அணை கட்டுவதை அக்கா பார்த்துவிட்டார்.

"டீச்சர், சார் காலை வெக்கறாரு!"

"காலை எடுங்க! அதுவா அறுக்கணும்!"

அவர் காலை இழுத்த அதே நொடியில் மண் பொத்தென்று சரிந்தது. தண்ணீர் பாய்ந்து நேராக ஓடியது. பழைய வளைவு குதிரைக் குளம்பு மாதிரி ஒரு குட்டை ஆகி அப்படியே நின்றது. நானும் அக்காவும் கைகோத்துக் குதித்தோம். தோற்ற கணவரும் சேர்ந்து குதித்தார்.

பிறகு அவர் நிமிர்ந்து, ஊருக்கு அப்பால் தெரிந்த மலையைப் பார்த்தார். "அப்போ இதுவும் இப்படித்தான் கரையுதா?"

"கரையுதுங்க. ரொம்ப மெதுவா."

"நம்ம வீடு முடியற வரைக்கும் தாங்கும் இல்ல?"

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறாக நின்ற எங்களைப் பார்த்து, "இன்னா சார், நகை எதுனா விழுந்துடுச்சா?" என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

மத்தியானம் ஆட்கள் மிச்ச மண்ணை வாரி அடித்தளத்தில் போட்டார்கள். பற்றாததற்கு இன்னொரு லோடு இறங்கி மனையில் குவிந்தது. மறுபடி வானம் கறுத்தபோது கணவர் தார்ப்பாய் கொண்டுவந்தார்.

"மூடிடலாமா?" என்று கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் மூட மனசில்லை.